ஷட்டர் பரீட்சை

மேல்மாடி மிஸ் மேல் ஷட்டர்காரனுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நேற்று முந்தாநாள் வந்ததில்லை, வருஷக்கணக்கில் ஊறிக் கிடப்பது. ஒரு வார்த்தை கேட்காமல் கொள்ளாமல் அவனைப் பரீட்சைத் தாளாக ஆக்கிவிட்டார் என்பதுதான் அது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் மனைவியிடம் மட்டும் சொன்னான். அவளும் சிரித்தாள்.

கடைகளுக்குப் போடுகிற இரும்பு ஷட்டரைப் பழுது பார்ப்பது அவன் தொழில். வளைந்த பட்டையை நிமிர்த்துவான், தளர்ந்த ஸ்பிரிங்கை முறுக்குவான், பாதியில் சிக்கி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அடம் பிடிக்கிறதை இரண்டு தட்டு தட்டி வழிக்குக் கொண்டுவருவான். பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் சின்ன வயதிலேயே ஒத்துவரவில்லை. அதுவும் இவனைத் தேடவில்லை, இவனும் அதைத் தேடவில்லை. பேச்சு கொஞ்சம் முரடு. முகம் அதைவிட முரடு. கடன் கேட்க வருகிறவன்கூட முகத்தைப் பார்த்துவிட்டு மணி என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

அவன் கடைக்கு நேர் மேலே ஒரே ஒரு அறை. பக்கத்துப் படிக்கட்டில் ஏறிப் போகவேண்டும். தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு கரும்பலகை, நாலு பெஞ்சு. அங்கேதான் மிஸ் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. "பசங்களுக்கு ஸ்கூல் இருக்கு. நமக்கு அவங்களைப் பெத்தவங்கதான்" என்பார். சலூன்காரர், பேக்கரியில் வேலை செய்கிற அம்மா, வாட்ச்மேன், வண்டி ஓட்டுகிறவர்கள் என்று வேலை முடிந்த கையோடு வருவார்கள். மாவு வாசனை, டீசல் வாசனை, ஷேவிங் கிரீம் வாசனை எல்லாம் சேர்ந்து படியேறும்.

முதல் சம்பவம் அவனுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு சாயங்காலம் சலூன்காரர் கடை முன்னால் வந்து நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். நெற்றியில் வேர்வை.

"ஐ வாண்ட் யூ டு புல் டவுன் த ஷட்டர்."

"என்னய்யா?"

"ஐ வாண்ட் யூ... டு புல் டவுன்... த ஷட்டர்."

"எந்தக் கடை ஷட்டர்? சிக்கிக்கிச்சா? சாவி இருக்கா?"

சலூன்காரர் தமிழில் வாயைத் திறக்கவில்லை, கையையும் காட்டவில்லை. மேலே ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார். ஷட்டர் என்ற சொல் புரிந்தது. 'டவுன்' என்பதும் புரிந்தது. இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, சொன்னதைச் செய்து அனுப்பிவிடுவோம் என்று ஷட்டர்காரன் வெளியே வந்து தன் கடை ஷட்டரையே பிடித்துக் கீழே இழுத்துவிட்டான்.

மேலே ஜன்னலில் ஒரே கைதட்டல். சலூன்காரர் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் தலைதெறிக்கப் படியேறி ஓடிவிட்டார். வியாபார நேரத்தில் தன் கடையைத் தானே மூடிவிட்டுத் தெருவில் நின்றான் ஷட்டர்காரன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் இதே கூத்துதான். ஒருத்தர் வந்து விளக்கைப் போடச் சொல்வார். ஒருத்தர் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். தமிழும் கூடாது, ஜாடையும் கூடாது. அவனுக்குப் புரிந்து அவன் செய்தால் கேட்டவர் பாஸ். அவன் விழித்தால் பெயில். விஷயம் தெரிந்த அன்றைக்குக் கையில் ஸ்பேனரோடு படியேறினான்.

"என்ன மிஸ், என் கடை என்ன உங்க பரீட்சை ஹாலா? நான் என்ன கேள்வித்தாளா?"

மிஸ் சாக்பீஸை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தம்பி, இங்கிலீஷ் தெரிஞ்சவங்ககிட்ட போய்ப் பாதி கேட்டாலும் மீதியை அவங்களே போட்டு நிரப்பிப்பாங்க. உங்ககிட்ட அது நடக்காது. முழுசாக் கேட்டாத்தான் உங்களுக்குப் புரியும்."

"அதுக்கு?"

"அது மட்டும் இல்ல. உங்க முகத்தைப் பார்த்து ஒருத்தர் ஒண்ணு கேட்டுட்டா, அப்புறம் உலகத்துல யார் முகத்தைப் பார்த்தும் கேட்டுடலாம்."

இது புகழ்ச்சியா, திட்டா? பதில் தெரியாமல் கீழே இறங்கி வந்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டான்.

"ரெண்டும்தான்" என்றாள் அவள். "மீசை நரைச்ச ஆளைத் தம்பின்னு கூப்பிடுறாங்களே, அதுக்கே நீங்க நன்றி சொல்லணும்."

மிஸ் பள்ளிக்கூட டீச்சர் கிடையாது. இளவயதிலிருந்தே ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். வரவேற்பு மேசைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு பொட்டி அறை. தலையில் ஹெட்போன், எதிரே துளை துளையாகப் பலகை, கையில் ஒயர். வந்து தங்குகிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது, குரல்தான். புத்தகத்தைத் திறக்காமல் காது வழியாகவே இங்கிலீஷ் உள்ளே போனது.

"போனை எடுத்தா ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு வேணும்" என்று வகுப்பில் சொல்வார். அவர் குரல் படிக்கட்டு வழியாக இறங்கிக் கடைக்குள் விழும். "ஒருத்தருக்குப் பேசணும், ஒருத்தருக்கு எழுந்திருக்கணும், ஒருத்தர் சேதி சொல்ல மறந்துட்டார். வாண்ட், ஹோப், ஃபர்கெட், ட்ரை, எதை எடுத்தாலும் பின்னாடியே 'டு' வந்து நிக்கும். நம்ம மொழியிலயும் இருக்கே. போக, வர, சாப்பிட. 'போக'ன்னு சொன்னா யாரு போறா? தெரியாது. எப்பப் போறா? தெரியாது. இன்னும் நடக்கல. ஆனா நடக்கப் போவுது. ஆசைக்குன்னே வச்ச சொல்லுங்க அது."

"மிஸ், ஐ வாண்ட் டு வென்ட் ஹோம்" என்பார் வாட்ச்மேன்.

"ஆசைப்படுறப்பவே போய்ச் சேந்துட்டீங்களா? 'கோ'ன்னு சொல்லுங்க. இன்னும் கிளம்பவே இல்ல நீங்க."

வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருத்தர் இன்னொருத்தரிடம் இங்கிலீஷில் ஒரு வேலை செய்யச் சொல்லவேண்டும். சரியாகக் கேட்டால் அவர் அதைச் செய்தே ஆகவேண்டும். தப்பாகக் கேட்டால் செய்யவேண்டியதில்லை. ஒருதடவை பேக்கரியம்மா வாட்ச்மேனைப் பாடச் சொல்ல, கேட்டது சரியாக இருந்துவிட்டதால் அவர் பாடித் தொலைத்தார். அன்றைக்கு ஷட்டர்காரன் சீக்கிரமே கடையைக் கட்டினான்.

அவனும் சும்மா இருக்கிற ஆளில்லை. பாடம் உச்சத்தில் இருக்கும்போது கீழே ஒரு ஷட்டரைத் தடதடவென்று இழுத்துவிடுவான். உடனே ஜன்னலில் மிஸ் தலை நீளும். "தம்பி! காதுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு! கிரீஸ்னு ஒண்ணு இருக்கே, அதை எதுக்கு வாங்கி வச்சிருக்கீங்க, தலைக்குத் தேய்க்கவா?" அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை இழுப்பான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். பரீட்சைத் தாளுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய கடை ஷட்டர் ஒன்று சறுக்கி, நடைபாதையில் அப்படியே சரிந்து விழுந்தது. தெருவே அதிர்ந்தது. டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வெளியே ஓடிவந்தார். மேலே ஜன்னலில் சலூன்காரர் தலை, பேக்கரியம்மா தலை, வாட்ச்மேன் தலை எல்லாம் முளைத்தன. ஷட்டர்காரன் திட்டுக்குத் தயாராக நிமிர்ந்து பார்த்தான்.

மிஸ் தலை வரவில்லை. தலைகளுக்கு இடையில் அவர் முதுகு தெரிந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். கை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

திட்டு விழாமல் போனதற்கு ஒரு மனுஷன் சந்தோஷப்படவேண்டும். அவனோ விழுந்ததைத் தூக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் சவரத்துக்குப் போய் உட்கார்ந்தான். சலூன்காரர் கன்னத்தில் நுரையைப் பூசி, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகு பேச ஆரம்பித்தார். அவர் பாஸாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் வகுப்பை விடாமல் பேச்சுத் துணைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, மிஸ்ஸுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ம்."

"போன வாரம் பேக்கரியக்கா என்கிட்ட, 'ஐ வாண்ட் யூ ப்ரிங் த லேடர்'னு சொல்லிச்சு. நடுவுல 'டு' இல்ல. மிஸ் கரெக்ட்டுன்னுட்டாங்க. நான், 'இல்ல மிஸ், டு வரல'ன்னேன். வந்துச்சுன்னாங்க. பேக்கரியக்காவே, வரல மிஸ், நான்தான் விட்டுட்டேன்னு சொல்லுது. மிஸ்ஸுக்குக் கோவம் வந்துடுச்சு. நான் போய் ஏணியைத் தூக்கிட்டு வந்தேன்."

"ம்ம்?"

"ஆடாதீங்கண்ணே, அறுந்துடப் போவுது. இப்பல்லாம் பேசுறவங்க உதட்டையே பாக்குறாங்க. அந்த 'டு' இருக்கு பாருங்க, அது உதட்டுல தெரியறதே இல்ல. தப்புக்கெல்லாம் கரெக்ட் வாங்கினா எதுக்கு வரணும்னு ரெண்டு டிரைவருங்க நின்னுட்டாங்க."

ஷட்டர்காரன் பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டான் என்று சலூன்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அது பொய். முழுசாகச் செய்துகொண்டுதான் போனான்.

மேலே மிஸ் தனியாக இருந்தார். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று "மிஸ்" என்றான். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். ஊஹூம். உள்ளே போய் எதிரே நின்றதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நாசூக்காகக் கேட்பதெல்லாம் அவனுக்கு வராது. "காது எப்பலேருந்து இப்படி?" என்றான்.

"யாருக்கு?" என்றார் மிஸ். முகம் சிவந்துவிட்டது. "உங்க ஷட்டர் சத்தத்துல இந்தத் தெருவுல யாருக்குக் காது இருக்கு?"

"நேத்து விழுந்தது கேட்டுச்சா?"

"என்ன விழுந்துச்சு?"

அவன் கீழே நடைபாதையைக் கையால் காட்டினான். மிஸ் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். டஸ்டரை மடியில் வைத்துக்கொண்டார். சாக்பீஸ் தூள் துணியெல்லாம் ஒட்டியது, தட்டிவிடவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு தம்பி. சின்னச் சத்தம்தான் முதல்ல போச்சு. 'வாண்ட்' கேக்குது, 'கோ' கேக்குது, நடுவுல பள்ளம். முன்னாடி நிக்கிறவங்களுக்கு வாய் அசையுது, நான் நானாவே போட்டு நிரப்பிக்கிறேன். கரெக்ட், கரெக்ட்டுங்கிறேன். அந்தப் பேக்கரியம்மா முகத்தைப் பார்த்தப்பத்தான் எனக்கே புரிஞ்சுது."

"அப்ப?"

"இந்த பேட்ச்சோட மூடிடலாம்னு இருக்கேன். மக வரச் சொல்லிட்டே இருக்கா. நல்ல பொண்ணு, தங்கமா வச்சுப்பா. ஆனா அங்க நான் சும்மா இருக்கணும். ஒருத்தரும் என்கிட்ட வந்து எதையும் தப்பாச் சொல்ல மாட்டாங்க, நானும் திருத்த மாட்டேன். சும்மா இருந்து எனக்குப் பழக்கமே இல்ல தம்பி."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஊருக்கே வாயைத் திறந்து கேளு கேளுன்னு சொல்லிக்கொடுக்குறீங்க. நீங்க மட்டும் வாயைத் திறக்க மாட்டீங்களோ?"

"டாக்டர், இனிமே வராதுன்னு சொல்லிட்டார்னா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மிஸ்ஸே பேசினார். "ஒரு வேலை பண்ணுவீங்களா? பரீட்சை வரைக்கும் சாயங்காலம் இங்க வந்து உக்காருங்க. அந்த 'டு' விட்டுப்போனா ஒரு தட்டு தட்டுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது மிஸ்."

"ஷட்டர்ல ஒரு பட்டை விட்டுப்போனா எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"சத்தத்துல."

"அவ்வளவுதான்."

"உக்காருறேன். ஆனா நீங்க காது டாக்டர்கிட்ட வரணும். என் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வர்றேன். அவ பேசினா எந்த டாக்டரும் இல்லைன்னு சொல்ல மாட்டான்."

மறுநாளிலிருந்து கடைசி பெஞ்சு மூலையில் ஷட்டர்காரன், கையில் ஒரு சின்னச் சுத்தியல். மிஸ் முதல் நாளே எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டார். "எனக்குக் காது சரியாக் கேக்கல. நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க, மரியாதைக்குச் சொல்லல. இனிமே இவர் தட்டுவார்." சலூன்காரர்தான், "மிஸ் திட்டுனாக்கூடத் தாங்கிடலாம், இவரு முறைக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியாது" என்றார். அதோடு அறை சகஜமாகிவிட்டது. நின்றுபோன டிரைவர் ஒருத்தர்கூட வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்தார்.

சுத்தியல் நன்றாகவே வேலை செய்தது. "ஐ ஃபர்காட் லாக்..." டொக். "ஐ ஃபர்காட் டு லாக் த கேட்." சத்தமில்லை. பூட்டில் கொக்கி மாட்டினதுபோல் 'டு' வந்து உட்கார்ந்தால் அவனுக்கே ஒரு திருப்தி. ஒருநாள் மட்டும் மாட்டிக்கொண்டான். வாட்ச்மேன், "மை பாஸ் மேட் மீ டு ஸ்டாண்ட்" என்றார். இவன் தட்டவில்லை. 'டு' கம்பீரமாக இருந்ததே!

"அண்ணே, இங்க 'டு' வரக்கூடாது!" என்று கத்தினார் சலூன்காரர்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன செலவு?"

அறையே சிரித்தது. என்ன சிரிப்பு என்று மிஸ் கேட்க, பேக்கரியம்மா அவர் காதருகே போய்க் கத்திச் சொன்னார். மிஸ்ஸும் சிரித்துவிட்டார். "'மேக்' வந்தா 'டு' வராது தம்பி. 'லெட்' வந்தாலும் வராது. அது ரெண்டும் அப்படித்தான்."

ஷட்டர்காரன் யோசித்தான். "கழுத்தைப் பிடிச்சு நிக்க வைக்கிறவன் 'டு' போட்டு மரியாதை பாத்துட்டா இருப்பான்? சரி, 'மேக்' எனக்குப் புரிஞ்சுது. 'லெட்' என்ன பாவம் பண்ணுச்சு?"

"'லெட்' வழி விடுறது. ஷட்டர் ஏற்கெனவே மேலதான் இருக்கு. எதுக்குத் தட்டணும்?"

அவன் தலையாட்டினான். அன்று வீட்டில் மனைவியிடம், "லெட் மீ சாப்பிடு" என்றான். அவள் தட்டை வைத்தாள்.

காது டாக்டரிடம் மூவருமாகப் போனார்கள். அங்கே சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், சத்தம் கேட்டால் அழுத்த ஒரு பட்டன். பழைய ஹோட்டல் அறையைவிடக் கொஞ்சம்தான் சின்னதாம், மிஸ் பிறகு சொன்னார். அவர் ஹெட்போனை எடுத்து மாட்டின விதத்தைப் பார்க்கவேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே வீச்சில் முடியை ஒதுக்கி, சரியாகப் பொருத்தி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வேலைக்கு வந்துவிட்ட பெண் மாதிரி இருந்தது.

டாக்டர் வெளியே ஒரு குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மிஸ் பட்டனை அழுத்தினால் வெளியே ஒரு விளக்கு எரியும். முதலில் எரிந்தது. அப்புறம் எப்போதாவது எரிந்தது. அப்புறம் எரியவே இல்லை. டாக்டர் திருப்பத் திருப்ப, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஸ், லைனில் யாரோ பேசப் போகிறார்கள் என்று காத்திருக்கிற மரியாதையான சிரிப்போடு உட்கார்ந்தே இருந்தார். ஷட்டர்காரன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்து ஹெட்போன் அழுந்தின இடத்தைத் தடவிக்கொண்டே, "பாதி நேரம் லைன்ல யாருமே இல்ல தம்பி" என்றார்.

டாக்டர் மறைக்கவில்லை. போனது போனதுதான், ஆனால் காதில் மாட்டுகிற மெஷின் கை கொடுக்கும், முதலில் எல்லாம் இரைச்சலாக இருக்கும், சின்னச் சத்தங்கள் பழகப் பழகத்தான் பிரிந்து வரும் என்றார்.

"வருமா டாக்டர்?"

"ட்ரை பண்ணணும்மா."

"'ட்ரை' வந்துச்சே, 'டு'வும் வந்துடும்" என்றார் மிஸ். டாக்டருக்குப் புரியவில்லை. ஷட்டர்காரன் மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தான். மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

மெஷின் வந்த புதிதில் மிஸ் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஃபேன் சுற்றுவது மாவு மில் மாதிரி கேட்கிறது, நான் சாப்பிடுவது எனக்கே அசிங்கமாகக் கேட்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். ஷட்டர்காரன் ஒருநாள் பார்த்தான், இரண்டுநாள் பார்த்தான். அப்புறம் தன் கடையிலிருந்த ஷட்டர் அத்தனைக்கும் பட்டை ஓடுகிற கைடு முழுக்க கிரீஸைத் தடவினான். சத்தம் என்று ஒன்று கடையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று, சுத்தியலுக்குக்கூடத் துணியைச் சுற்றி அடித்தான். டீக்கடைக்காரர், "கடை நடக்குதா, இல்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் அவன் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. மிஸ்ஸும் அவனிடம் ஒன்றைச் சொல்லவில்லை. பேக்கரியம்மாவிடம்தான் சொல்லியிருந்தார். பரீட்சை அன்றைக்கு ஒரு 'டு' விட்டுப்போவதைத் தானாகக் கண்டுபிடித்தால் வகுப்பு தொடரும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று. பேக்கரியம்மா அதைச் சலூன்காரரிடம் சொன்னார். சலூனில் சொன்னது தெருவுக்கே தெரிந்தது.

பரீட்சை சாயங்காலம் வந்தது. எப்போதும் மேலே ஜன்னலில் நிற்கிற மிஸ் அன்றைக்குப் படியிறங்கிக் கீழே வந்தார். கடைக்கு முன்னால், தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். பேசுகிறவர் உதடு தெரியக்கூடாது என்று அவராகவே முதுகைக் காட்டி நின்றார். மேலே ஜன்னலில் தலைகள். ஷட்டர்காரன் கடை வாசலில். கையில் சுத்தியல் இல்லை. மிஸ் கொண்டுவரக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

வாட்ச்மேன் வந்து விளக்கைப் போடச் சொன்னார். சரியாகச் சொன்னார். போட்டான். டிரைவர் ஏணியை நகர்த்தச் சொன்னார். அதுவும் சரி. நகர்த்தினான். மிஸ் தலையை மட்டும் ஆட்டினார். எல்லாம் சரியாக இருந்தால் காது கேட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஒரு தப்பு விழவேண்டும், ஆனால் வேண்டுமென்று யாரும் போடக்கூடாது.

கடைசியாகப் பேக்கரியம்மா. கையைப் பின்னால் கட்டினார். வளையல் கிலுகிலுத்தது.

"ஐ வாண்ட் யூ புல் டவுன் த ஷட்டர்."

நடுவில் பள்ளம். வேண்டுமென்று விட்டதில்லை, பயத்தில் விழுந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டார். ஷட்டர்காரன் ஷட்டர்மேல் கையை வைத்தவன் வைத்தபடி நின்றான். இழுத்தால் தப்பு. இழுக்காமல் நின்றால், அதுவே தட்டின மாதிரி. மிஸ் முதுகு அசையாமல் இருந்தது.

அப்புறம் அந்த முதுகிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இழுத்துடாதீங்க. அம்மா நடுவுல ஒண்ணைக் கீழே போட்டுட்டாங்க. எடுத்துக்கிட்டு மறுபடியும் கேக்கட்டும்."

சலூன்காரர் ஜன்னலிலேயே விசிலடித்தார். டீக்கடைக்காரர் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார். பெயிலான பேக்கரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மறுபடியும் கேட்டார், 'டு'வை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி. ஷட்டர்காரன் இழுத்தான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கித் தரையைத் தொட்டது. ஒரு சத்தமில்லை.

மிஸ் திரும்பினார். மூடிய ஷட்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். காதில் இருந்த மெஷினை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"இறங்கிடுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!" பதறிவிட்டார்.

"கேக்காது மிஸ். கிரீஸ் போட்டிருக்கேன்."

"யார் போடச் சொன்னா?"

"நீங்கதான். எத்தனை வருஷமா சொல்லிட்டு இருந்தீங்க."

மிஸ், "மகளுக்குப் போன் பண்ணணும்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "லீவுக்குத்தான் வருவேன்னு சொல்லணும்." அப்புறம் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனை காலமும் அவரிடம் படித்தவர்கள் வந்து நிற்பார்களே, அதே இடத்தில், அதே மாதிரி, அவன் முரட்டு முகத்துக்கு நேராக நின்றார். இதுநாள்வரை யார் யாரையோ அனுப்பிக் கேட்க வைத்தவர், இன்றைக்குத் தானே வந்து இங்கிலீஷில் கேட்டார். அவனுக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல், முழுசாக.

அந்தக் கிரீஸைத் துடைத்துவிட்டு, முன்பு மாதிரி, தெருவே அதிர ஒரு தடவை இழுக்கச் சொன்னார்.